அட்டைக்கடியும் ஒன்பதாம் நிறமூர்த்தமும்

என் உடம்பை அளந்து இதுவரை யாரும் எனக்கு ஜாக்கெட் தைத்ததில்லை. தெரணியகலை பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் என் அக்கா, எனக்குத் தைக்க வேண்டுமென்றால் டேப்பைத் தன் மேலேயே சுற்றிக்கொள்வாள். நாங்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். அவள் கொஞ்ச நேரம் முந்திப் பிறந்ததால் அக்கா. மற்றபடி மூக்கு, முழங்கை, முன்பல்லில் இருக்கும் இடைவெளி எல்லாம் ஒன்றுதான். நாங்கள் இருக்கும் றப்பர் தோட்டத்தில் எங்களைப் பெரியவ, சின்னவ என்று கூப்பிடுவார்கள். பாதி நேரம் மாற்றித்தான் கூப்பிடுவார்கள். காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் நான் அவளை அக்கா என்பேன். நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சேலை கட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்பதால் எனக்கு ஜாக்கெட் நிறையத் தேவை. அவள் தைத்ததில் ஒன்றுகூட எனக்கு இறுகியதும் இல்லை, தொங்கியதும் இல்லை.

அப்படி இருக்கும்போது பாடசாலைத் தவணை ஒன்றின் தொடக்கத்தில் புது ஜாக்கெட் தோளிலிருந்து நழுவியது. கடைக்குப் போய்க் குறை சொன்னேன். அவள் அதை வாங்கித் தன் மேல் வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது.

"நான் தச்சது சரியாத்தான் இருக்கு. ஒன் ஒடம்புதான் அளவுல இல்ல" என்றாள்.

தொழிலைக் குறை சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. மறுபடி என்னைப் போட வைத்து, என் கழுத்துச் செயினை ஒதுக்கிவிட்டு உள்தையலைப் பார்த்தவளின் விரல் கழுத்தின் இடது பக்கம் ஓர் இடத்தில் நின்றது.

"நெறி கட்டியிருக்குடி. அட்ட எங்க கடிச்சிருக்குன்னு பாரு."

எங்கள் பக்கத்தில் நெறி கட்டுவதற்கு வைத்தியரைத் தேட மாட்டார்கள், காயத்தைத் தேடுவார்கள். காலில் புண் இருந்தால் தொடை இடுக்கில் கட்டும். கழுத்தில் கட்டினால் சொத்தைப் பல், காது, பேன், இல்லாவிட்டால் அட்டை. காயத்தைக் கண்டுபிடித்து அதை ஆற்றிவிட்டால் நெறி தானாக வற்றிவிடும். இதில் மூடத்தனம் ஒன்றுமில்லை. வருஷா வருஷம் நானே கரும்பலகையில் நிணநீர்க் கணுக்களை அவரைக் கொட்டை மாதிரி வரைந்து, கிருமி நுழைந்தால் பக்கத்துக் கணு வீங்கும் என்று பிள்ளைகளை எழுத வைப்பவள்தான். ஆகவே தோட்டம் சொன்னதை விஞ்ஞானம் ஒத்துக்கொண்டது, விஞ்ஞானம் சொன்னதை நான் ஒத்துக்கொண்டேன்.

காயமும் கிடைத்தது. கிடைக்காமல் எங்கே போகும்? நான் தினமும் றப்பர் மலைக்குள் இருக்கும் குறுக்குப் பாதையால்தான் பாடசாலைக்குப் போகிறேன். மழை ஓயாத இந்தப் பக்கத்தில் அட்டைக்கடி இல்லாத உடம்பைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தோளில் ஒரு கடி இருந்தது. சுண்ணாம்பு வைத்தேன், ஆறியது. நெறி வற்றவில்லை. அதற்குள் காதுக்குக் கீழே புதிதாக ஒன்று கடித்திருந்தது. சரி, இப்போது இதற்குத்தான் கட்டியிருக்கிறது என்று முடிவு செய்தேன். அது ஆறுவதற்குள் இன்னொன்று. மாதக்கணக்கில் பழைய நெறிக்குப் புதுப் புதுக் காயம் காட்டிக்கொண்டிருந்தேன்.

மற்றதற்கெல்லாமும் என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது. உடம்பு அரித்தது: அட்டை. இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்த்தது: இந்த ஊர்ப் புழுக்கம். களைப்பு: ஒன்பதாம் வகுப்பு. மெலிந்தேனே, அதற்கு மட்டும் நான் விளக்கம் தேடவில்லை, பெருமைப்பட்டேன். ஆசிரியர் அறையில் எப்படி இளைத்தீர்கள் என்று கேட்ட இரண்டு பேருக்கு இரவில் சோற்றை விடச் சொல்லி ஆலோசனையும் கொடுத்தேன். பாவம், அவர்கள் அதன்படி நடந்தும் இளைக்காததால் தங்களிடம்தான் கட்டுப்பாடு இல்லை என்று வருந்தினார்கள்.

தோள்பட்டை எலும்புக்கு மேலே இரண்டாவது கட்டி வந்து, காய்ச்சலும் விட்டு விட்டு அடித்தபோது அக்காதான் கடையைப் பூட்டிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறார், பௌர்ணமிப் போயா லீவுக்கு மட்டும் வருகிறவர். அதனால் ஆஸ்பத்திரி அலைச்சல் முழுக்க அவள் தலையில் விழுந்தது. அவிசாவளையில் பார்த்துவிட்டுக் கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கட்டியிலிருந்து சதை எடுக்கும் நாளில், தாதி வந்து அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அக்கா சிங்களத்தில் எவ்வளவோ சொல்லியும், பயந்துபோன நோயாளி எப்படியும் பொய் சொல்வாள் என்று தாதி விடவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்து ஒன்றும் அகப்படாமல் போன பிறகுதான் அவளை வெளியே விட்டார்கள்.

"இன்னைக்கி ஒனக்குப் பதிலா என்னைய அறுத்திருப்பாங்கடி" என்றாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

முடிவு வந்தபோது டொக்டர் ஹொட்ஜ்கின் லிம்போமா என்றார். நிணநீரில் வரும் புற்றுநோய், மருந்துக்கு நன்றாகக் கேட்கிற வகை, பயப்பட வேண்டாம் என்றார். நான் பயப்படுவதற்கு முன்னால் செய்த முதல் வேலையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. என் நொண்டிச் சிங்களத்தில், நான் விஞ்ஞான ஆசிரியை, ஆகவே எனக்கு விபரமாகவே சொல்லலாம் என்றேன். அந்த நல்ல மனிதர் நம்பிவிட்டார். ஒரு தாளை எடுத்து, செல் என்கிறார்களே அந்தக் கலம், கரு, அம்புக்குறி என்று வரைந்து தள்ளினார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அதில் எனக்கு விளங்கியது அவர் நன்றாக வரைகிறார் என்பது மட்டும்தான்.

டொக்டரிடம் மானம் போகாமல் இருக்க வேண்டுமென்று ஃபோனில் படிக்க ஆரம்பித்தேன். மருந்து ஏற்றும் வார்டில் மணிக்கணக்கில் சும்மா கிடக்கத்தானே வேண்டும். படிக்கப் படிக்க, இவ்வளவு காலமும் நான் வரைந்த அவரைக் கொட்டைக்குள் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது என்று தெரிந்தது.

நம் உடம்பில் கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரியைச் செய்வதற்கென்று பி கலங்கள் இருக்கின்றன. அவை நிணநீர்க் கணுவுக்குள் ஒரு பயிற்சியை முடிக்க வேண்டும். சரிவராத கலம் தன்னைத் தானே முடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் அங்கே சட்டம். என் நோய் அப்படிச் சரிவராமல் போன ஒரு கலத்தில் ஆரம்பித்தது. அது சாகவும் இல்லை, தன் வேலையைச் செய்யவும் இல்லை. தான் பி கலம் என்பதையே மறந்து, ஒன்றுக்கு இரண்டு கருவோடு ஊதிப் பெருத்து உட்கார்ந்துவிட்டது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஆந்தை முழிப்பது போல இருக்குமாம். இப்படிப்பட்ட ஆட்களை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன், உடம்பில் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து வாசித்ததுதான் என்னை உலுக்கியது. கலத்துக்குள் என்.எஃப். கப்பா பி என்றொரு விசை, லைட் சுவிட்ச் மாதிரி, இருக்கிறது. காயமோ கிருமியோ வந்தால் அது போட்டுக்கொள்ளும், வேலை முடிந்ததும் அணைந்துவிடும். அதை அணைக்கும் புரதத்துக்கென்று ஒரு பரம்பரையலகு, ஊரில் ஜீன் என்கிறார்களே அது, இருக்கிறது. இந்த நோயில் பலருக்கு அதுவே உடைந்துபோகிறது. விசை போட்டது போட்டபடியே நிற்கும். அதாவது, காயமே இல்லாமல் காயம், காயம் என்று அந்தக் கலம் கத்திக்கொண்டே இருக்கும். தோட்டமே சேர்ந்து என் உடம்பில் காயம் தேடியது, நானும் தேடினேன். இந்த ஒரு நெறிக்குக் காயம் கிடையாது.

கத்தலைக் கேட்டு நல்ல கலங்கள் ஓடி வருகின்றன. என் கழுத்தில் இருந்த கட்டியில் பெரும்பங்கு இந்த நல்லவர்கள்தான். நோய்க் கலம் கூட்டத்தில் அங்கொன்று இங்கொன்று. தோட்டத்தில் காலையில் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் ஆளைச் சேர்த்துவிட்டு வேலை கொடுக்காமல் நிற்க வைப்பார்களே, அந்த மாதிரி. வந்தவர்களில் கொல்லத் தெரிந்த டி கலங்களும் உண்டு. அவர்களைச் சமாளிக்கத்தான் ஒன்பதாம் நிறமூர்த்தம், ஜீன்களைச் சுமக்கும் குரோமோசோம். அதன் குட்டைக் கையில் ஒரு துண்டு இந்தக் கலத்தில் பல பிரதிகளாகப் பெருகிவிடுகிறது. அங்கே இருக்கும் ஒரு ஜீன் செய்கிற புரதம் டி கலத்தை மயக்கிப் போடும். அதற்குப் பக்கத்து ஜீன், ஜாக்-ஸ்டாட் என்கிற சமிக்ஞைப் பாதையைக் கிளப்பிவிட்டு, மயக்குகிற புரதத்தை இன்னும் கொஞ்சம் செய் என்று சொல்லும். இவ்வளவு ஏற்பாடும் எனக்குள்ளேயே நடந்திருக்கிறது. நான் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? பக்கத்துக் கட்டிலுக்காரிக்கு விளக்கினேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்காவுக்கு விளக்கினேன். அவள் மடியில் துணியை வைத்துக் கொக்கி தைத்தபடி கேட்டாள்.

"எல்லாஞ் சரி. வாந்தி வந்தா மொதல்லயே சொல்லு. பேசின் இந்தா இருக்கு" என்றாள்.

நோய் பெற்றோரிடமிருந்து வருகிறதா என்ற கேள்வி எங்கள் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் இருந்தது. அதற்கும் பதில் வைத்திருந்தேன். இந்த உடைசல்கள் எல்லாம் அந்த ஒரு கலத்தில் பிற்பாடு ஏற்பட்டவை, பிறக்கும்போதே கொண்டு வந்தவை அல்ல. இதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொன்னேன். பிறகு ஒரு நாள் அவிசாவளை பஸ்ஸில் வரும்போது அடுத்த பந்தியையும் வாசித்துத் தொலைத்தேன். நோய் பரம்பரையாக வராவிட்டாலும் அதன் பக்கம் சாய்கிற தன்மை கொஞ்சம் வரலாம். முக்கியமாக, ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஊர் ஆட்களைவிட மிக அதிகம் என்று இருந்தது. பக்கத்தில் அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தூங்கும்போதும் இந்த லட்சணத்தில்தான் இருப்பேன் என்று நினைத்தேன். பிறகு ஃபோனை அணைத்துவிட்டு அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் கட்டிக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அவளிடம் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தேன். உலகத்துக்கே வகுப்பெடுத்தவள் இந்த ஒரு பாடத்தை மட்டும் விழுங்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாக அவள் கழுத்தைத் தடவ ஆரம்பித்தேன். நூல் ஒட்டியிருக்கிறது என்பேன், செயின் திரும்பியிருக்கிறது என்பேன், பேன் மாதிரி ஏதோ ஓடியது என்பேன்.

"என்னாடி எந்நேரமும் கழுத்தயே தடவுற, ஆடு வாங்க வந்தவ மாதிரி" என்றாள் ஒரு நாள். சில நேரம் அவளும் தன் கழுத்தைத் தடவிக்கொள்வாள். என் பழக்கம் அவளுக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்தேன்.

என் முடி கொட்டியது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தோட்டத்தார் எங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். என் மொட்டைத் தலையைப் பார்க்காத, பஜாருக்கு வரும் சிங்களப் பெண்களுக்கு மட்டும் அந்த வசதி இல்லை. நோயாளி சுகமாகிக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து அக்காவிடம் மால்டட் மாவும் தோடம்பழமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். விளக்கம் சொல்லச் சோம்பல்பட்டுக்கொண்டு அவளும் வாங்கி வைத்துக்கொள்வாள். பழத்தில் பாதிதான் என்னிடம் வந்து சேரும்.

இதற்கு நடுவில் அவள் செய்த வேறொரு காரியம் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் வீட்டோடு கிடக்கிறேன், பாடசாலைக்குப் போவதில்லை, அவளோ எனக்கு ஜாக்கெட் மேல் ஜாக்கெட்டாகத் தைத்துக்கொண்டு வந்தாள். வழக்கம் போலத் தன் மேல் அளவெடுத்துத் தைத்தவை. எலும்பும் தோலுமாக இருந்த எனக்கு ஒவ்வொன்றும் கோணிச்சாக்கு மாதிரித் தொங்கியது.

"எனக்கு அளவெடுத்துத் தைக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று கத்தியும் இருக்கிறேன்.

"போட்டுப் பாரு. லூசாத்தான இருக்கு?" என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றதும் மடித்து அலுமாரியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். வேலை இல்லாததால் தைக்கிறாள் போலும் என்று விட்டுவிட்டேன்.

மருந்து முடிந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். முடி பூனை மயிர் மாதிரி முளைத்து, பிறகு தலைமயிராக மாறியது. நான் மறுபடி குறுக்குப் பாதையில் நடந்து, மறுபடி அட்டையிடம் கடிபட்டு, மறுபடி கரும்பலகையில் அவரைக் கொட்டை வரைந்தேன். இந்தத் தடவை அதற்குள் ஓர் ஆந்தையையும் வரைந்ததில் பிள்ளைகள் குழம்பிப்போனார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், நூல் எடுக்கிற சாக்கில் அக்காவின் கழுத்தில் கை வைத்தபோது வலது காதுக்குப் பின்னால் விரலில் தட்டுப்பட்டது. கட்டி.

"நெறிடி. அட்ட கடிச்சிருக்கும்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். அட்டையாம் அட்டை. மேசையில் கிடந்த தையல் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, விரித்திருந்த நீலத் துணியில் கலத்தை வரைந்தேன், இரண்டு கருவை வரைந்தேன், விசை, அம்புக்குறி, ஒன்பதாம் நிறமூர்த்தம் எல்லாவற்றையும் வரைந்தேன். கடையில் இரண்டு பெண்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது கஸ்டமர் துணி" என்றாள் அக்கா.

"ஒனக்கும் எனக்கும் ஒரே ஜீன். எனக்கு வந்தா ஒனக்கும் வரும்னு இருக்கு. படிச்சிருக்கேன். அன்னைக்கே படிச்சேன், சொல்லத்தான் இல்ல" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், ஊரார் துணியில் சளி சிந்திக்கொண்டு நின்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. துணியை உதறி மடித்தாள், வந்தவர்களிடம் நாளைக்கு வரச் சொன்னாள், கடைக் கதவை இழுத்துப் பூட்டினாள். மறுநாள் காலையிலேயே புறப்பட்டோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பயமுறுத்திவிட்டேனே என்று நான் நெஞ்சுக்குள் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

அதே டொக்டர்தான். நான் என்று நினைத்து, எப்படி இருக்கிறாய் என்று அக்காவைக் கேட்டார். பிறகு சரி செய்துகொண்டார். அவளை உட்கார வைத்துக் கட்டியை அமுக்கினார். வலிக்கிறதா என்று கேட்டார், வலிக்கிறது என்றாள். பிறகு அவள் பின்னலைத் தூக்கி, முடியை விலக்கி, என்னை அருகே கூப்பிட்டுக் காட்டினார். தலைத் தோலில், முடிக்குள், சீழ் கோர்த்துக்கொண்டு ஒரு புண். மூன்று கீறலாக வெட்டும் அட்டையின் வாயை இந்த ஊரில் யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

அவர் சிரிக்கவில்லை. புண்ணுக்கு மருந்து எழுதினார். இந்தக் குடும்பத்தில் சந்தேகத்தை மிச்சம் வைக்கக் கூடாது என்று ஸ்கேனுக்கும் இரத்தத்துக்கும் எழுதினார். அவை எல்லாம் பிற்பாடு சுத்தமாக வந்தன, நெறியும் வற்றியது. காயம் இல்லாத நெறிக்கு மாதக்கணக்கில் காயம் காட்டியவள், காயம் இருந்த நெறிக்கு நிறமூர்த்தம் காட்டினேன். இரண்டு தடவையும் அட்டைதான் என்னை ஜெயித்தது.

கிளம்பும்போது டொக்டர் அக்காவிடம் சிங்களத்தில் ஒன்று கேட்டார். அன்றைக்கு அவர் சொன்னதிலிருந்து அவள் தன் கழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறாளா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். என் சிங்களம் நொண்டிதான், ஆனால் அவ்வளவு நொண்டி இல்லை.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம்.

"என்னைக்கி சொன்னாரு?"

"ஒனக்கு முடிவு வந்த அன்னைக்கே. நீ பாத்ரூம் போயிருந்த. ரெட்டையான்னு கேட்டாரு, ஆமான்னேன். 'ஒயாகே பெல்லத் பலாகன்ன'ன்னாரு."

உன் கழுத்தையும் பார்த்துக்கொள் என்று அர்த்தம். என் பாடம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அவள் பாடம் முடிந்திருக்கிறது. நான் ஒளித்து ஒளித்துக் காப்பாற்றியதாக நினைத்தது அவள் கையில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

"ஏன் சொல்லல?"

"நீ இருந்த இருப்புக்கு அத வேற சொல்லணுமா? தினம் தடவிப் பாத்துக்கிட்டேன். ஆனா கழுத்து மட்டும் பத்தாதுல்ல. ஒனக்கு மொதல்ல ஒடம்புதான எளைச்சிச்சி. எளைக்கிறது நமக்கே தெரியாது, கண்ணாடில பாத்தா தெரியாது. அதான் அளவெடுத்து தச்சிக்கிட்டே இருந்தேன்."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. அலுமாரி நிறைய இருந்த அந்த ஜாக்கெட்டுகள்.

"எனக்குன்னு தச்சா ஊரு கேக்கும், என்னாத்துக்கு இத்தனைன்னு. ஒம் பேர சொல்லித் தச்சேன். நானும் எளைச்சிருந்தா அது ஒனக்கு சரியா இருக்கும். நீ போட்டு லூசா இருக்குன்னு கத்துவ. அப்ப எனக்கு ஒண்ணுமில்ல, நான் எளைக்கலன்னு அர்த்தம்" என்றாள். பிறகு கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டே, "நிம்மதியா இருக்கும். ஒன்ன அப்புடி பாத்துக்கிட்டே நிம்மதி வருதேன்னு வெக்கமாவும் இருக்கும்" என்றாள்.

எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் ஜீனைப் பற்றித்தான்.

அந்த ஜாக்கெட்டுகள் இப்போது எனக்குச் சரியாக இருக்கின்றன. அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் போன வாரம் கடைக்குப் போனேன். புதுச் சேலைக்கு ஜாக்கெட் துணி எடுத்திருந்தேன். மேசைக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டு, "அக்கா, இந்தத் தடவ எம் மேல அளவெடு" என்றேன்.

"எதுக்கு? ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, டேப்பை எடுத்துத் தன் மேல் சுற்றிக்கொண்டாள்.